எடைக்குப் போகும் முன்

வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பொருளுக்கு இரண்டு விலைகள் உண்டு. ஒன்று, அது செய்யும் வேலைக்கான விலை. மற்றது, அதன் எடைக்கான விலை. ஓடுகிற தையல் மெஷின் தையல் மெஷினாக விலைபோகும். ஓடாதது இரும்பாகப் போகும். முதல் விலையிலிருந்து இரண்டாவது விலைக்கு அதை இறக்கிவிடுவது பெரும்பாலும் பழுது அல்ல, பரணில் அது கழித்த வருடங்கள்.

எடுத்து வைத்தால் புதுசு போலவே இருக்கும் என்று எல்லா வீடுகளிலும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நடப்பது வேறு. ஓடாமல் நிற்கும் சைக்கிளின் டயர் வெடிப்பு விடுகிறது. ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் விறைத்துப் போகிறது. இன்வெர்ட்டர் பேட்டரி மாதக்கணக்கில் சார்ஜ் ஏறாமல் கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து, பிறகு எழுந்திருப்பதே இல்லை. மெத்தை ஈரம் குடிக்கிறது, பிளைவுட் மேஜையைக் கரையான் தேடி வருகிறது. கெடாத பொருளுக்கும் ஒரு முதுமை உண்டு. அந்த மாடல் நின்றுபோகும்; மிக்ஸி நன்றாக இருக்கும், அதன் ஜாருக்கான கப்ளர் எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஆகவே வேண்டாததை விற்று வீட்டைக் காலி செய்வதில் முதல் கேள்வி எங்கே விற்பது என்பதல்ல. எப்போது விற்பது என்பதே.

பரண் நிறைந்த ஊர்

குரோம்பேட்டையிலிருந்து கிழக்கே ராஜேந்திர பிரசாத் சாலை வழியாகப் போனால் வரும் அஸ்தினாபுரம், 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. சிட்லபாக்கம், செம்பாக்கம், நெமிலிச்சேரி என்று ஏரிகளின் பெயர் சொல்லும் ஊர்கள் சுற்றிலும். மனை வாங்கி, கடன் போட்டு, முதலில் கீழ்த்தளம், மகள் கல்யாணத்துக்குப் பிறகு மாடி என்று சிறுகச் சிறுகக் கட்டிய தனி வீடுகள் இங்கே ஏராளம். அப்படிக் கட்டிய வீடுகளில் அறைக்கு ஒரு பரண் உண்டு. பரண் வைக்காத கொத்தனாரை அந்தத் தலைமுறை மதித்ததில்லை.

பரணில் ஏறியவை அந்தந்தக் காலத்தின் வரலாறு. அடியில் பித்தளை அண்டா, தூக்கு, கூஜா. அதன் மேல் பிள்ளைகளின் கேரம் போர்டும் நடைவண்டியும். பிறகு அரசு தந்தவை. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் மாநிலம் முழுவதும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல டிவிகள் வீடுகளுக்குப் போயின. 2011-க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. சுவரில் தட்டை டிவி ஏறியதும் அந்தக் குண்டு டிவி பரணுக்குப் போனது. அதற்கும் மேலே, பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போன மகன் விட்டுச்சென்ற கம்ப்யூட்டர் மானிட்டர், என்ட்ரன்ஸ் புத்தகங்கள், கிடார்.

2015 டிசம்பர் மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. தென்புறநகரில் பல வீடுகளின் கீழ்த்தளச் சாமான்கள் அன்று தண்ணீரில் மிதந்தன. அதன் பிறகு வேண்டியது, வேண்டாதது எல்லாமே மேலே ஏற்றப்பட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஏற்ற இடமில்லை.

பாரதத்து அஸ்தினாபுரத்தில் ஊசி முனை அளவு இடம்கூட விட்டுத்தர மாட்டேன் என்று ஒருவன் அடம்பிடித்ததால் போர் வந்தது. இந்த அஸ்தினாபுரத்தில் ஊசி வைக்கத்தான் இடமில்லை. அந்த இடத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. ஆறடிக்கு மூன்றடிக் கட்டில் 18 சதுர அடி. சதுர அடி 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், யாரும் படுக்காத அந்தக் கட்டில் 1,08,000 ரூபாய் இடத்தை அடைத்து நிற்கிறது. கட்டில் இரண்டாயிரத்துக்குப் போனால் அதிகம்.

தனி வீடுகள் இடிபட்டு, பில்டரோடு கூட்டு ஒப்பந்தத்தில் அடுக்குமாடியாக மாறும் காலம் இது. மூன்று பரண் வீட்டிலிருந்து பரணே இல்லாத இரண்டு பெட்ரூம் பிளாட்டுக்குப் போகும் குடும்பம், நாற்பது வருடச் சேர்மானத்தை நாற்பது நாளில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அவசரத்தில் விற்பவருக்குக் கிடைப்பது அடிமாட்டு விலை.

ஏன் கை வருவதில்லை

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை வைத்து நடந்த ஒரு சோதனை பொருளாதாரப் பாடங்களில் புகழ்பெற்றது. பாதிப் பேருக்குக் காப்பிக் குவளை ஒன்று இலவசமாகத் தரப்பட்டது. என்ன விலைக்குத் தருவீர்கள் என்று அவர்களிடமும், என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று மற்றவர்களிடமும் கேட்கப்பட்டது. குவளை கைக்கு வந்து சில நிமிடங்களே ஆகியிருந்தும், வைத்திருந்தவர்கள் கேட்ட விலை மற்றவர்கள் சொன்னதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் இதை வெளியிட்டார்கள். சில நிமிடக் குவளைக்கே இந்தப் பாசம் என்றால், கல்யாணச் சீராக வந்த பீரோவுக்கு எவ்வளவு இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

வாங்குபவர் பக்கத்திலும் ஒரு தடை உண்டு. நன்றாக இருக்கும் பொருளை ஏன் விற்கிறார்கள் என்ற சந்தேகம் அது. பழைய கார் சந்தையை வைத்து ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் விளக்கியது: குறை எது என்று விற்பவருக்கு மட்டுமே தெரிந்த சந்தையில், வாங்குபவர் எல்லாப் பொருளையும் குறையுள்ளதாகவே எண்ணி விலை கேட்பார்; நல்ல பொருளும் அதே விலைக்கு இறங்கும். இதற்கு மருந்து எளிது. வாஷிங் மெஷினைத் தண்ணீர் விட்டு ஓட்டிக் காட்டுவது, ஃபிரிட்ஜை முந்தின நாளே போட்டு ஐஸ் கட்டியைக் கண்ணில் காட்டுவது, பில்லை எடுத்து வைப்பது. மெஷின் பரணிலிருந்து இறங்கி வந்து நிற்கும்போது விலை பேசப்படுவதற்கும், வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது பேசப்படுவதற்கும் தொகையில் பெரிய வித்தியாசம் உண்டு.

மூன்றாவது தடை தமிழ் வீட்டுக்கே உரியது. செவ்வாயும் வெள்ளியும் வீட்டிலிருந்து பொருளை வெளியே அனுப்புவதில்லை. லட்சுமி கூடவே போய்விடுவாள். தென்சென்னையின் மிகப் பெரிய பழைய பொருள் சந்தையோ வெள்ளிக்கிழமையில்தான் கூடுகிறது. சம்பிரதாயத்தைக் கைவிட விரும்பாதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. வியாழக்கிழமையே பேசி, வியாழக்கிழமையே வண்டியில் ஏற்றிவிட்டால் லட்சுமிக்கும் குறையில்லை, வியாபாரிக்கும் மறுநாள் சரக்கு தயார்.

எது, எப்போது

வீட்டுக்கு வீடு பட்டியல் மாறினாலும், சட்டென்று விலைபோவது எது என்பதில் மாற்றமில்லை. இரும்புக் கட்டில், படிக்கும் மேஜை, பிளாஸ்டிக் நாற்காலி, கேஸ் அடுப்பு, மின்விசிறி, கியர் இல்லாத சைக்கிள், இரும்பு பீரோ. புதிதாகக் குடித்தனம் வைப்பவருக்கும் அறை எடுத்துத் தங்குபவருக்கும் முதலில் தேவைப்படுபவை இவை. அஸ்தினாபுரத்தைச் சுற்றி அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. 1949-இல் தொடங்கிய எம்.ஐ.டி. குரோம்பேட்டையில் இருக்கிறது, தாம்பரத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலமும் விமானப்படைத் தளமும் கிறித்தவக் கல்லூரியும் இருக்கின்றன. படிப்பு முடிந்து, வேலை மாறி, டிரான்ஸ்ஃபர் ஆகி, ஆள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும் வட்டாரம்.

விலை போகாதவை பெரும்பாலும் வீட்டில் அதிக விலை கொடுத்து வாங்கியவையே. எட்டுப் பேர் அமரும் சோபா எந்த பிளாட் வாசலிலும் நுழையாது. ஷோ கேஸ், அளவெடுத்துச் செய்த டிவி ஸ்டாண்ட், துணி காயப்போட மட்டும் பயன்பட்ட டிரெட்மில் ஆகியவற்றுக்குக் கேட்பாரில்லை. இவற்றில் போட்ட பணத்தைக் கணக்குப் பார்ப்பதைவிட, வந்து இறக்கி எடுத்துப்போகும் கூலியை வாங்குபவரே ஏற்றுக்கொண்டால் போதும் என்று முடிப்பது நல்லது.

காலமும் விலை பேசும். ஆடியிலும் மார்கழியிலும் இங்கே குடிபோவார் குறைவு. ஆவணியிலும் தையிலும் புது வீடும் புதுக் குடித்தனமும் தொடங்குகின்றன. கட்டிலும் பீரோவும் அப்போது தேடப்படுகின்றன. கல்லூரி சேர்க்கை முடிந்து விடுதிகள் நிறையும் மாதங்களில் மேஜைக்கும் சைக்கிளுக்கும் ஆள் வரும். மாறாக, ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளி போனஸுக்கும் எல்லா வீடுகளிலும் புதுச் சாமான் இறங்கி, பழையவை ஒரே நேரத்தில் வாசலுக்கு வருகின்றன. அந்த வாரங்களில் பழைய ஃபிரிட்ஜை விற்க முயல்பவர் தெருவில் பத்துப் பேரோடு போட்டியிடுகிறார்.

எக்ஸ்சேஞ்ச் சலுகையும் ஒரு விற்பனைதான், ஆனால் கணக்கு வேறு. பழையதற்கு 3,000 தருகிறோம் என்று கடை சொல்லும்போது, பழையது இல்லாமல் வாங்கினால் கடைசி விலை என்ன என்று முதலில் கேட்டுவிட வேண்டும். அந்த விலைக்கும் பழையதைக் கொடுத்து வாங்கும் விலைக்கும் உள்ள வித்தியாசமே பழைய பொருளுக்குக் கிடைத்த உண்மையான விலை. பல சமயம் அது 3,000-க்கு வெகு கீழே நிற்கும். கனமான சாமானைத் தூக்கிப்போகும் பொறுப்பு அவர்களுடையது என்பதை மட்டும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

வீடே இடிபடும்போது விற்பதற்கு இன்னொரு பெரிய பங்கு இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தேக்கு நிலை, கதவு, ஜன்னல் கம்பி, கடப்பைக்கல், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எல்லாமே காசு. அதனால்தான் இடிக்கும் கான்ட்ராக்டர் பெரும்பாலும் வீட்டுக்காரரிடம் கூலி கேட்பதில்லை, அவரே பணம் கொடுத்து இடிக்கிறார். அந்தப் பணம் யாருக்கு, வீட்டுக்காரருக்கா பில்டருக்கா என்பது கூட்டு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டியது.

தெருவுக்கு வரும் வண்டி

பழைய பொருளுக்கு வாசல் தேடி வரும் வியாபாரம் சென்னைக்குப் புதிதல்ல. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தந்தவர்கள், பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தந்தவர்கள், பழைய பட்டுப்புடவை வாங்குறது என்று கூவியவர்கள் எல்லாம் இதன் முன்னோர்கள். காயல்பட்டினத்து வியாபாரிகளால்தான் காயலான் கடை என்ற பெயர் வந்தது என்று சொல்வார்கள். இன்று ஸ்பீக்கர் கட்டிய மூன்று சக்கர வண்டி பதிவு செய்த குரலில் அதையே கூவுகிறது.

இவர்களிடம் எல்லாம் எடை விலைதான். அந்த எடை விலையிலும் நுணுக்கம் உண்டு. செம்புக்கு விலை அதிகம், அடுத்து பித்தளை, பிறகு அலுமினியம், எல்லாவற்றுக்கும் கீழே இரும்பு. நான்கையும் ஒரே சாக்கில் போட்டுக் கொடுத்தால் நான்கும் இரும்பாகிவிடும். ஆங்கிலச் செய்தித்தாளுக்குத் தமிழ்த் தாளைவிடக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கிடைப்பது வழக்கம். மொழிப்பற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தராசு பற்றிய சந்தேகம் எல்லோருக்கும் உண்டு, சோதிப்பவர்கள் குறைவு. சோதிக்கும் கருவி எல்லாச் சமையலறையிலும் இருக்கிறது. கேஸ் சிலிண்டரின் மேல்வளையத்தில் அந்தக் காலிச் சிலிண்டரின் எடை கிலோவில் எழுதப்பட்டிருக்கும். தீர்ந்துபோன சிலிண்டரைக் கொக்கியில் மாட்டிப் பார்த்தால், தராசு எத்தனை கிலோ திருடுகிறது என்பது பேரம் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். பெரும்பாலும் சிலிண்டரைத் தூக்கிவரும் சத்தம் கேட்டாலே தராசு நேராகிவிடும்.

பித்தளை மட்டும் இந்தக் கட்டுரையின் முதல் பத்திக்கு விதிவிலக்கு. பரணில் கிடந்தாலும் அதன் விலை இறங்குவதில்லை, உலோக விலையோடு ஏறுகிறது. அதற்கும் இரண்டு விலைகள் உண்டு, ஆனால் தலைகீழாக: உருக்கப்போகும் வியாபாரிக்கு அது கிலோ, வரவேற்பறையில் பூ மிதக்கவிட உருளி தேடுபவருக்கு அது அலங்காரம். ஒடுங்காத, ஓட்டையில்லாத பழைய உருளி, கூஜா, வெற்றிலைப் பெட்டி ஆகியவற்றை எடைக்குப் போடுவது நஷ்டம். பட்டுப்புடவையும் அப்படித்தான். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. வாசலில் வருபவர் புடவைக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கேட்பார். அவர் மனக்கணக்கில் இருப்பது வெள்ளியின் எடை. ஜரிகையைத் தட்டிக்கழித்து விலை சொல்பவரிடம் அவசரப்பட வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமைச் சந்தை

சென்னையில் பழைய பொருள் என்றாலே ஒரு காலத்தில் மூர் மார்க்கெட். 1898-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1900-இல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடம், 1985 மே 30 அன்று தீயில் போனது. புத்தகக் கடைகள் பக்கத்து வளாகத்துக்கு மாறின. சந்தையின் மற்ற குணங்கள் ஊர் முழுக்கச் சிதறின. அந்தக் குணத்தை இன்று அதிகம் தாங்கி நிற்பது பல்லாவரம். குரோம்பேட்டை ரயில் நிலையத்துக்கு அடுத்த நிறுத்தம்தான், அஸ்தினாபுரத்துக்காரர்களுக்கு இது உள்ளூர்ச் சந்தை.

ஆங்கிலேயர் காலத்து மாட்டுச் சந்தையிலிருந்து வளர்ந்தது இது. ஜி.எஸ்.டி. சாலைக்குப் பக்கத்தில் ஓடும் பழைய டிரங்க் ரோட்டில், கன்டோன்மென்ட் எல்லையில், வெள்ளிக்கிழமை காலை முதல் மாலை வரை கூடுகிறது. செடி, புறா, கோழி, மீன், காய்கறி, துணி என்று புதுச் சரக்கும் உண்டு. ஆனால் ஊரை இழுப்பது தரையில் விரித்த தார்ப்பாயில் கிடக்கும் பழையவைதான்: ஸ்பேனர் செட், நின்ற கடிகாரம், ஒற்றை ஸ்பீக்கர், கேமரா, நாணயம், கிராமபோன் தட்டு, ரிமோட் குவியல், சக்கர நாற்காலி, ஹோட்டல் கிரைண்டர், யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பத்தின் வெறும் அட்டை.

வீட்டுக்காரரே இங்கே போய்க் கடை விரிப்பது அரிது. இடத்துக்கு வாடிக்கையான வியாபாரிகள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து வரும் பொருள் அவர்களிடம் விலைபோய், அவர்கள் கையால் அடுத்தவருக்குப் போகிறது. ஆகவே இங்கே கிடைப்பது மொத்த விலை. அப்படியிருந்தும் காயலான் கடையைவிட இது மேலானது, காரணம் இவர்கள் பொருளைப் பொருளாகவே பார்க்கிறார்கள். கைப்பிடி உடைந்த டிரில் மெஷினுக்குள் மோட்டார் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்பவர்கள் இவர்கள். எடைக்குப் போனால் 40 ரூபாய் கிடைக்கும் சாமானுக்கு 300 சொல்லும் அறிவு அந்தக் காதில் இருக்கிறது.

ஒருமுறை விற்காமல் சும்மா சுற்றி வருவது நல்ல முதலீடு. பரணில் இருப்பதைப் போன்ற பொருள் அங்கே எந்த விலைக்குச் சொல்லப்படுகிறது, எந்த விலைக்கு முடிகிறது என்று பார்த்துவிட்டால், கார்னெல் குவளை மயக்கம் பாதி தெளிந்துவிடும். ஆபத்து ஒன்றுதான்: காலி செய்யப் போனவர்கள் கையில் இரண்டு பூந்தொட்டியும் ஒரு கூண்டுக் கிளிகளுமாகத் திரும்புவது.

இப்படிப்பட்ட சந்தைகள் நிரந்தரமல்ல. சிங்கப்பூரில் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்டது. பல்லாவரம் இன்னும் ஒவ்வொரு வாரமும் கூடுகிறது.

போனில் விற்பது

ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், குடியிருப்பு வாட்ஸாப் குரூப் என்று மூன்று வாசல்கள். இவற்றில் சிறந்தது மூன்றாவது. வாங்குபவர் எதிர் பிளாக்கில் இருப்பார், வண்டிக்கூலி இல்லை, ஏமாற்றினால் லிஃப்டில் முகம் பார்க்க வேண்டிவரும். முதல் இரண்டில் ஆள் அதிகம், விலையும் கொஞ்சம் கூட. ஆனால் வருகிற செய்திகளில் பெரும்பகுதி ஒரே வாக்கியம்: லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க. பொருளைப் பார்க்காமல் கேட்பவரிடம் விலை இறக்கினால், வந்து பார்க்கும்போது இன்னொரு முறை இறக்க வேண்டியிருக்கும்.

நான்கு படம் போதும். பகல் வெளிச்சத்தில் முன்புறம், பின்புறம், மாடல் எண் உள்ள ஸ்டிக்கர், பிறகு கீறலோ ஒடுக்கோ இருக்கும் இடம். குறையை முதலிலேயே காட்டிய விளம்பரத்துக்கு வருபவர் பேரத்துக்குப் பெரிய ஆயுதம் இல்லாமல் வருகிறார். அளவைச் சென்டிமீட்டரில் எழுதினால், லிஃப்டில் நுழையுமா என்று பத்துப் பேர் கேட்பது நிற்கும். பெரிய சாமானுக்குக் குட்டி யானை வண்டியின் வாடகை யாருடையது என்பதையும் விளம்பரத்திலேயே சொல்லிவிடலாம்.

மோசடி பெரும்பாலும் ஒரே வடிவத்தில் வருகிறது. ராணுவத்தில் அல்லது விமானப்படையில் வேலை, இப்போது டூட்டியில் இருக்கிறேன், ஆள் வந்து எடுத்துக்கொள்வார், பணத்தை இப்போதே அனுப்புகிறேன் என்று ஒரு குரல். பேரமே பேசமாட்டார், அதுவே முதல் அறிகுறி. விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருப்பதால் தாம்பரம் வட்டாரத்தில் இந்தக் கதையை நம்புவதும் எளிது. பிறகு ஒரு க்யூஆர் கோடு வரும்: ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் ஏறும் என்பார். யுபிஐ-யில் பின் நம்பர் போடுவது பணம் கொடுப்பதற்கு மட்டுமே. வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. முதல் சில மணி நேரத்தில் சொன்னால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

காகிதமும் சட்டமும்

பழைய கட்டில் விற்ற பணத்துக்கு வரி உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வகுத்த வரையறையிலேயே, சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் அசையும் பொருள்கள் மூலதனச் சொத்தாகா. அந்த விலக்கில் சேராதவை நகை, ஓவியம், சிற்பம், தொல்பொருள் சேகரிப்பு போன்றவை. வியாபாரமாகச் செய்யாதவரை ஜிஎஸ்டியும் கிடையாது.

இருசக்கர வண்டியில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. சாவியைக் கொடுத்துப் பணத்தை வாங்கியதோடு விற்பனை முடிவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். படிவம் 29-ம் 30-ம் இதற்குத்தான். ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மூன்றாண்டுக்கு முன் 12,000 ரூபாய்க்கு விற்ற ஸ்கூட்டருக்கு லட்சங்களில் நோட்டீஸ் வரக்கூடும் என்பதே இதன் பொருள்.

பழைய விக்கிரகங்கள் வேறு கதை. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, செப்புத்திருமேனி போன்றவையும், 75 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள சுவடிகளும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அவற்றை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் தேவை; தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கொள்ளுப்பாட்டியின் நடராஜரை நியூஜெர்சிக்குக் கூரியர் செய்யச் சொல்லும் பேரனுக்கு இதைச் சொல்லிவைப்பது நல்லது.

விற்கவே கூடாத ஒன்று சமையலறையில் இருக்கிறது. கேஸ் சிலிண்டர் வீட்டுக்காரருடையது அல்ல, எண்ணெய் நிறுவனத்துடையது. வீட்டை மூடும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால், இணைப்பு வாங்கியபோது கட்டிய டெபாசிட் திரும்பும். அந்த ரசீது எங்கே என்பது பெரும்பாலான வீடுகளில் விடை தெரியாத கேள்வி.

பழைய போனையும் லேப்டாப்பையும் கொடுக்கும் முன் கணக்கிலிருந்து வெளியேறி, முழுதாக அழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அதைச் செய்பவர்கள்கூட பழைய பேப்பர் கட்டுக்குள் ஆதார் நகலும் வங்கி அறிக்கையும் சம்பளச் சீட்டும் போவதைக் கவனிப்பதில்லை. உணவைச் செய்தித்தாளில் மடிக்கக் கூடாது என்று விதி இருந்தும் பஜ்ஜி இன்னும் காகிதத்தில்தான் வருகிறது. அந்தக் காகிதம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று பலசமயம் அதிலேயே எழுதியிருக்கும்.

குண்டு டிவிக்கு இனி வாங்குவார் இல்லை. அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செம்புச் சுருளை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தை ஏரிக்கரையில் உடைத்துப் போடுவதே காயலான் வழி. பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்தால் கிடைக்கும் தொகை மிகச் சிறியது, சில சமயம் ஒன்றுமே இல்லை. செம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளை வாசலில் வைத்திருக்கும் ஊர் அந்த நூறு ரூபாயை விட்டுக்கொடுக்கலாம்.

எடைக்குப் போகக் கூடாதவை

பழைய புத்தகமும் பத்திரிகையும் கடைசியாக முடிவு செய்யப்பட வேண்டியவை. என்ட்ரன்ஸ் கைடுகளுக்குப் பாடத்திட்டம் மாறியபின் எடை விலைதான். ஆனால் தாத்தாவின் தகரப் பெட்டியில் இருக்கும் பைண்டு செய்த தொடர்கதைகள், தீபாவளி மலர்கள், நாடக நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்கள் அப்படியல்ல. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவை இப்படிப்பட்டவைதான். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக வைத்தது. இன்று அது தரமணியில் இயங்குகிறது. தமிழில் வேறெங்கும் கிடைக்காத அச்சுப் பிரதிகள் பல இன்னும் இருப்பது, யாரோ ஒருவர் அவற்றைக் கிலோ கணக்கில் பார்க்காததால். அரை நூற்றாண்டு தாண்டிய தாள் எதுவானாலும் பேப்பர்காரரைக் கூப்பிடும் முன் நூலகம் ஒன்றைக் கேட்பது நன்று.

தொடக்கத்தில் சொன்ன இரண்டு விலைகளுக்குக் கீழே மூன்றாவது ஒன்றும் உண்டு. அது பூஜ்யம். மார்கழிக் கடைசி நாள் விடியலில் தெருமுனையில் எரிவது அந்த விலைக்குப் போனதே. பாய், துடைப்பம் எரிந்த போகியில் இப்போது டயரும் பிளாஸ்டிக் நாற்காலியும் ரெக்ஸின் சோபாவும் சேர்ந்துவிட்டன. 2018 ஜனவரி 13 போகியன்று புகைமூட்டத்தால் மீனம்பாக்கத்தில் இறங்க முடியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. எரிந்த சாமான்களில் ஒரு பகுதியாவது, ஓடுபாதைக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் முந்தின நாள் கூடிய சந்தையில் விலைபோயிருக்கக்கூடியது. 2018-இன் அந்த ஜனவரி 12 வெள்ளிக்கிழமை.

மார்கழிக்கு 29 நாட்கள், சில வருடங்களில் 30. அதில் எந்த வருடமும் குறைந்தது நான்கு வெள்ளிக்கிழமைகள் வருகின்றன.